ஐந்நூறு எழுத்துகளுக்கு மிகாமல்

“உங்கள் கருத்து பெறப்பட்டது. நன்றி.”
அந்த நான்கு சொல்லும் என்னுடையவை.
ஒஸ்லோவில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம்,
ஆறிய காபியோடு எழுதினேன்.
அதன்பின் என் உதவியில்லாமலே
நாடு முழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

இரவு இரண்டு பதினான்குக்கு
வடக்கே ஒருத்தி அதற்குப் பதில் எழுதினாள்:
“யார் பெற்றது?”
பெறப்பட்டது, நன்றி, என்றது தானியங்கி.
“சரி, யார்?”
பெறப்பட்டது. நன்றி.
விடியும்வரை இருவரும் பேசியிருக்கிறார்கள்.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

பெயர் ராவ்னா. சாமி இனம். துருவமான் மேய்ப்பவள்.
மலைமேல் முப்பத்தொரு காற்றாலை வரப்போகிறது;
மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று
படிவம் திறந்துவைத்திருந்தோம்.
நிரந்தர முகவரி: நட்சத்திரக் குறி, கட்டாயம்.
அவள் எழுதியது:
“நவம்பரில் ஆற்றுக்கு இந்தப் பக்கம். மே மாதம்
மான்கள் எங்கே ஈனுகின்றனவோ அங்கே.”
சிவப்புக் கோடு. செல்லாத முகவரி.
பிறகு என்ன நினைத்தாளோ,
எங்கள் அலுவலக முகவரியையே போட்டுவிட்டாள்.
ஏற்றுக்கொண்டது.

மலையின் பெயர் யீக்ஙவாரி.
நடுவிலிருக்கும் அந்த எழுத்து எங்கள் கணினியில் இல்லை.
யீக்?வாரி என்று வந்தது.
மலைதான் ஏதோ கேட்கிறது என்று
ஒரு நொடி நினைத்தேன்.

ஐந்நூறு எழுத்துகளுக்கு மிகாமல் என்றிருந்ததால்
பதினொரு படிவமாக உடைத்து அனுப்பியிருக்கிறாள்.
ஒன்றில் அறுந்த சொல் அடுத்ததில் தொடர்கிறது.
ஒரே ஆள், ஒரே நாள்: நகல் என்று முடிவு செய்து
பத்தையும் அழித்தது இயந்திரம்.
குழுவின் மேசைக்குப் போனது கடைசித் துண்டு:
“ஆகவே வேண்டாம்.”
“எதனால் ஆகவே?” என்றார் தலைவர் ஊட்வார்.
சிரித்தார்கள். நானும்தான்.

காணொளி விசாரணையில் அவளுக்கு மூன்று நிமிடம்.
சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப்
பனிவண்டி ஓட்டி வந்து நின்றிருந்தாள்.
புருவத்தில் உறைபனி. தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு
“ஈனும் நேரத்தில் தாய்மான்...” என்றாள்.
படம் நின்றது.
நாற்பது நொடி காத்திருந்தார் ஊட்வார், கண்ணியமானவர்.
நன்றி சொன்னார்.
அடுத்த பொருள் பால் மானியம்.
அணைக்க யாருக்கும் தோன்றவில்லை;
பால் மானியம் முழுக்கச் சுவரில்
வாய் திறந்தபடி இருந்தாள்.

அவள் கேட்டாள். நாங்கள் கேட்டோம்.
அறிக்கையில் இரண்டும் ஒரே நீளம்.

வாக்கெடுப்புக்கு மறுநாள்
அழித்தவற்றைத் தோண்டி வரிசையில் வைத்தேன்.
மிதிபட்ட வெண்பாசி திரும்ப முளைக்க எத்தனை ஆண்டு.
சுழலும் நிழலைக் கண்டு மான் எந்தப் பக்கம் திரும்பும்.
தம்பி ஆந்தேயின் வங்கிக் கடன்; அதற்கும் இதற்கும்
என்ன சம்பந்தம் என்று சொல்லவருமுன் எழுத்து தீர்ந்திருந்தது.
ஒன்பதாவதில்,
தங்களுக்கென்று இருக்கும் சாமி நாடாளுமன்றத்துக்கும்
எழுதியதாகச் சொல்கிறாள்.
அங்கும் படிவம்தானாம். ஆனால்
அந்த எழுத்தை அங்கே ஏற்கிறார்கள்.
மறுநாளே ஒருவர் தொலைபேசியில் பெயர் சொல்லி அழைத்து
ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறார்.
எழுத்து அவர்கள் கையில் இருக்கிறது.
மலை எங்கள் கையில்.

முதல்முறையாக என் பெயரில் எழுதினேன்:
“பெற்றது நான். ஹால்வர்.”

இரவு இரண்டு மணி இருக்கும், பதில் வந்தது:
“பெற்று என்ன செய்தாய், ஹால்வர்?”

இந்தப் பெட்டியில் எழுத்து வரம்பு எதுவும் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.